மேடைக் காமெடியிலிருந்து சொந்தப் படத்துக்கு: எந்த வழியில் போவது?

போன மாசியில் கோட்டையூரில் ஒரு கோயில் திருவிழா. இரவு பதினொன்றரைக்கு நிகழ்ச்சி முடிந்து, மேடைக்குப் பின்னால் ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அந்தத் தம்பி கேட்டார்: "அண்ணே, ஒரு கதை இருக்கு. படமா எடுக்கணும். சொந்தமா எடுக்கவா, சென்னைக்குப் போய்க் கேட்கவா?"

பன்னிரண்டு வருடமாக மிமிக்ரியும் காமெடியும் செய்கிறவர். கதையையும் சொன்னார். ஆள் இல்லாத பெரிய வீட்டுக்கு ஒரு காவல்காரர். தினமும் இரவு சிங்கப்பூரில் இருக்கும் முதலாளிக்குப் போன் போட்டு வீட்டை அறை அறையாக வர்ணிப்பார். வீட்டிலிருந்த தேக்குக் கதவுகளும் தூண்களும் ஒவ்வொன்றாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். முதலாளியிடம் இவர் சொல்கிற வர்ணனை மட்டும் குறையவே குறையாது. கேட்டபோது சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு மனசு கனத்துப்போனது. நல்ல கதை.

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் ஷூட்டிங்குகளுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது என் தொழில். நூறு பேர் கொண்ட யூனிட்டோடும் நின்றிருக்கிறேன், ஐந்து நண்பர்கள் ஒரே காரில் வந்து இறங்கிய யூனிட்டோடும் நின்றிருக்கிறேன். இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்களில் இந்தத் தம்பி நாலாவது ஆள். அதனால் இந்த முறை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

## முதலில் எவற்றைப் பார்ப்பது

போனால் எது போகும்? சிலருக்கு ஒரு சீசன் சம்பாத்தியம் போகும், சிலருக்கு வீட்டுப் பத்திரமே போகும். எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போடும் முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எத்தனை மேடைத் தேதிகளை விடுவீர்கள்? இதை யாருமே எழுதிப் பார்ப்பதில்லை. நம் பக்கத்தில் மாசியில் தொடங்கி ஆடி வரை திருவிழாத் தேதிகள். ஒரு கிராமத்து விழாக் கமிட்டிக்கு ஒரு வருடம் "இந்தத் தடவை முடியாது" என்று சொன்னால் அவர்கள் வேறு ஆளைக் கூட்டி வருவார்கள். அவர் நன்றாகச் செய்துவிட்டால் அந்த ஊர் அவருடையது. நீங்கள் இழந்தது ஒரு நாள் சம்பளத்தோடு நிற்காது, அந்த ஊரின் பத்து வருடத் தேதி அது.

கடைசிப் பேச்சு யாருடையது? எடிட்டிங் மேஜையில் ஒரு காட்சி இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்று முடிவு செய்வது யார் என்பதுதான் கேள்வி.

இயக்கக் கற்றுக்கொள்ள இடம் இருக்கிறதா? சிரிக்க வைக்கத் தெரிவது ஒரு வேலை, படம் எடுக்கத் தெரிவது வேறொரு வேலை.

படம் ஆட்களிடம் எப்படிப் போகும்? தியேட்டரா, ஓடிடியா, திரைப்பட விழாவா, யூடியூபா?

அவசரமாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு அட்டவணை:

| | குறும்படம் | சொந்தப் பணத்தில் முழுநீளப் படம் | சென்னைத் தயாரிப்பாளர் | பலர் பங்கு சேர்ந்து |
|---|---|---|---|---|
| போனால் போவது | ஒரு சீசன் சம்பாத்தியம் | சேமிப்பு, நகை, வீடு | வருடங்கள் | உறவும் நாணயமும் |
| மேடைத் தேதி இழப்பு | புரட்டாசியில் எடுத்தால் மிகக் குறைவு | இரண்டு சீசன் வரை | காத்திருப்பைப் பொறுத்தது | இரண்டு சீசன் வரை |
| கடைசிப் பேச்சு | உங்களுடையது | உங்களுடையது | அவருடையது | எழுதி வைத்த பத்திரத்தைப் பொறுத்தது |
| கற்க இடம் | நிறைய | தப்பு செய்தால் விலை அதிகம் | அனுபவசாலிகள் கூட இருப்பார்கள் | குறைவு |
| ஆட்களிடம் போகும் வழி | யூடியூப், விழா, ஊர்த் திரையிடல் | நீங்களே அலைய வேண்டும் | ஓரளவு தயாராக இருக்கும் | பங்குதாரர்களே முதல் பார்வையாளர்கள் |

## வழி 1: இருபத்தைந்து நிமிடக் குறும்படம்

குறும்படம் சின்னப் பையன்கள் எடுப்பது என்று மேடையில் பேர் வாங்கியவர்கள் நினைக்கிறார்கள். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' போட்டியில் குறும்படம் எடுத்துத்தான் கார்த்திக் சுப்புராஜும் நலன் குமரசாமியும் சினிமாவுக்கு வந்தார்கள். அவர்களைவிடக் காமெடிக்காரருக்கு இது அதிகம் தேவை. காரணம் சிரிப்பு.

மேடையில் ஒரு வரி விழும், சபை சிரிக்கும், அது அடங்குகிற கணத்தில் அடுத்த வரியை எடுப்போம். அந்த இடைவெளியைச் சபைதான் அளந்து கொடுக்கிறது. கேமராவுக்கு முன்னால் சபை கிடையாது. சுற்றி நிற்கிற முப்பது பேரும் சிரிக்கக் கூடாது, சிரித்தால் டேக் போச்சு. கானாடுகாத்தானில் ஒரு ஷூட்டிங்கில் பார்த்தேன். மேடையில் பெரிய பேர் எடுத்த ஒருவர் ஒரே வரியை ஒன்பது தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் டேக்கில் லைட்மேன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆறாவது டேக்கில் அதே ஆட்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தன் வரி மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. குரலை ஏற்றினார், கையை ஆட்டினார். ஒன்பதாவதில் அது கத்தலாகவே மாறியது. படத்தில் வந்தது அந்த ஒன்பதாவது டேக். இந்த அனுபவத்தைக் குறைந்த செலவில் பட்டுத் தெளிவதற்குக் குறும்படத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

அடுத்தது வீடு. செட்டிநாட்டு வீடு கண்ணுக்கு எவ்வளவு அழகோ, காதுக்கு அவ்வளவு சோதனை. பட்டாலை என்கிற கூடத்தில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர், வழவழப்பான தரை, உயரமான கூரை மூன்றும் சேர்ந்து சத்தத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பும். லைவாகப் பதிந்த வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். பரவாயில்லை, டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். சண்டைக் காட்சிக்குச் சரி. காமெடிக்கு டப்பிங் விஷம். வரிக்கும் வரிக்கும் நடுவே இருக்கிற அந்த அரை மூச்சு, சின்ன இழுப்பு எல்லாம் ஒலிக்கூடத்தின் மைக் முன்னால் திரும்பி வராது. ஆகவே வாடகைக்குப் பத்து ஜமக்காளம், பழைய மெத்தை, கம்பளிப் போர்வை எடுத்து, கேமராவில் தெரியாத சுவர்களில் எல்லாம் தொங்க விடுங்கள். நல்ல ஒலிப்பதிவாளருக்குக் கொடுக்கிற சம்பளத்தைக் கேமரா வாடகையில் குறைத்தாவது கொடுங்கள்.

தரையையும் சொல்லியாக வேண்டும். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றிக் கையால் வார்ப்பார்கள். காய வைத்து, தண்ணீரில் ஊறப் போட்டு எடுப்பார்கள். ஆத்தங்குடிக்குப் போய் இன்றைக்கும் அதே கோலத்தில் வார்த்து வாங்கலாம். ஆனால் மூன்று தலைமுறை நடந்து நடந்து மெருகேறிய கல்லின் நிறம் புதுக் கல்லுக்கு வராது. ஒரு முறை ஒரு யூனிட் கேமரா டிராலி ஓடும் தண்டவாளத்தை வெறும் தரையில் போட்டு முகப்பில் இரண்டு கல்லை உடைத்துவிட்டுப் போய்விட்டது. வீட்டு ஆச்சி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. உடைந்த துண்டுகளைச் சேலைத் தலைப்பில் பொறுக்கி எடுத்துப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீடு எந்தப் படத்துக்கும் திறக்கவில்லை. பிளைவுட் பலகை விரித்து, அதன்மேல் தண்டவாளம் போடுங்கள். சின்ன யூனிட்டுக்கு இது பெரிய செலவே இல்லை.

குறும்படத்தின் மறைமுகச் செலவு ஒன்று உண்டு. எடுத்த பிறகு அது காசாக மாறாது. போட்ட பணத்தைப் பள்ளிக் கட்டணம் மாதிரி எழுதிவிட வேண்டும். யூடியூபில் போட்டாலும் விளம்பரக் காசு சாப்பாட்டுச் செலவுக்குக் கூடப் போதாமல் போகலாம்.

யாருக்கு ஏற்றது: இதுவரை ஒரு காட்சியைக்கூட இயக்கிப் பார்க்காதவர்களுக்கு. ஒரே வீடு, நாலைந்து பாத்திரம் என்று கதை அடங்குகிறவர்களுக்கு.

## வழி 2: சொந்தப் பணத்தில் முழுநீளப் படம்

இதைச் சொல்ல நம் ஊர்க்கதையே போதும். ஏவிஎம் ஸ்டுடியோவைத் தொடங்கிய ஏவி.மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு அவர் எடுத்த 'நாம் இருவர்' 1947-இல் வெளியாகிப் பெரிய வெற்றி பெற்றது. மேடையில் நடந்த நாடகத்திலிருந்து வந்த கதை அது. அடுத்த வருடம் ஸ்டுடியோ சென்னைக்குப் போய்விட்டது. இங்கேயிருந்து படம் எடுக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் செட்டியார் அதற்கு முன்னாலேயே வருடக்கணக்காகப் படத்தொழிலில் அடிபட்டு எழுந்தவர். அதை மறந்துவிட்டுத்தான் பலர் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

மறுபக்கமும் நம் ஊர்தான். சிறுகூடற்பட்டியில் பிறந்த கண்ணதாசன் காமெடி நடிகர் சந்திரபாபுவை நாயகனாக வைத்து 1960-இல் 'கவலை இல்லாத மனிதன்' எடுத்தார். கவிஞருக்குக் கடன்தான் மிஞ்சியது. சந்திரபாபு நாமே இயக்கலாம் என்று இறங்கியபோது, எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. 1966-இல் அவர் இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' ஓடவில்லை. அவ்வளவு பெரிய கலைஞன் கடைசிக் காலத்தில் பட்ட கஷ்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கும். திறமைக்குக் குறைவில்லை. பணத்தையும் நடிப்பையும் இயக்கத்தையும் ஒரே தலை சுமந்ததுதான் பாரம்.

காமெடியில் பேர் வாங்கிய என்.எஸ்.கிருஷ்ணனும் 'மணமகள்' (1951), 'பணம்' (1952) என்று இயக்கினார். சோ 1971-இல் 'முகமது பின் துக்ளக்' படத்தை இயக்கினார். அது பல மேடைகளில் ஏற்கெனவே சபை பார்த்துச் செதுக்கிய நாடகம். எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று படம் எடுக்கும் முன்னாலேயே அவருக்குத் தெரியும். சொந்தமாக எடுக்கிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். கதையை முதலில் மேடையில் ஒரு மணி நேர நிகழ்ச்சியாகச் சொல்லிப் பாருங்கள்.

பட்ஜெட் காகிதத்தில் வராத செலவுகள் இவை:

வீட்டு அனுமதி. நம் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு ஒரு ஆள் சொந்தக்காரர் கிடையாது. பங்காளிகள் நாலு புள்ளி, எட்டு புள்ளி (புள்ளி என்றால் ஒரு குடும்பம்) என்று இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் இங்கே. சாவி வைத்திருப்பவர் சரி என்றால் போதாது. பாதி ஷூட்டிங்கில் ஒரு பங்காளி வந்து நிறுத்தி, ஒரு நாள் முழுக்க யூனிட் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நாள் பேட்டா, சாப்பாடு, ஜெனரேட்டர் வாடகை எல்லாம் தயாரிப்பாளர் தலையில்தான்.

பாட்டும் குரலும். மேடையில் பழைய பாட்டைப் போட்டுவிட்டு ஆடுவோம், ரஜினி குரலில் பேசுவோம். படத்தில் அது நடக்காது. பாட்டுக்கு உரிமை வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ரஜினிகாந்தின் பெயர், தோற்றம், பாணியைப் பயன்படுத்திய ஒரு இந்திப் படத்துக்கு 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மிமிக்ரியை நம்பிக் காட்சி எழுதியிருந்தால் படப்பிடிப்புக்கு முன்பே வக்கீலைப் பாருங்கள்.

மாடும் ஆடும். அவற்றை நடிக்க வைத்தால் விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும், சான்று இல்லாமல் தணிக்கை நகராது. வாரியத்தின் அலுவலகம் இப்போது ஹரியானாவில் இருக்கிறது. மஞ்சுவிரட்டுக் காளை ஒன்று சும்மா குறுக்கே போகட்டும் என்று ஆசைப்படுவதற்கு முன் யோசியுங்கள்.

வெளியீடு. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். படம் முடிந்ததும் காசும் முடிந்துவிடும். போஸ்டர், விளம்பரம் போக, தியேட்டரில் திரையிடுகிற டிஜிட்டல் நிறுவனத்துக்கும் கட்டணம் உண்டு. 2018-இல் தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள் வாரக்கணக்கில் புதுப்படமே வெளியிடாமல் வேலைநிறுத்தம் செய்தது இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான். டிக்கெட் காசில் ஜிஎஸ்டி, உள்ளாட்சி கேளிக்கை வரி, தியேட்டர் பங்கு, விநியோகஸ்தர் பங்கு எல்லாம் போய்த்தான் மிச்சம் உங்களுக்கு. எடுக்கிற செலவுக்குச் சமமாக வெளியீட்டுக்கு ஒரு தொகையைத் தனியாக ஒதுக்க முடியாதென்றால் தியேட்டரை நம்பி இறங்க வேண்டாம்.

யாருக்கு ஏற்றது: ஏற்கெனவே ஒன்றிரண்டு குறும்படம் எடுத்தவர்களுக்கு. போட்ட பணம் முழுதும் போனாலும் வீடு நிற்கும் என்கிறவர்களுக்கு. வேறு யாரும் காசு போடத் துணியாத கதை கையில் இருப்பவர்களுக்கு. ஒளிப்பதிவாளர் செழியன் இயக்கிய 'டுலெட்' வாடகை வீடு தேடுகிற ஒரு சின்னக் குடும்பத்தின் கதை. தேசிய விருது வாங்கி, பல நாட்டு விழாக்களுக்குப் போய், 2019-இல் தியேட்டருக்கும் வந்தது. அதில் பாட்டு, சண்டை எதுவும் இல்லை. அப்படிப்பட்ட படம் சின்னக் குழுவின் பிடிவாதத்தில்தான் பிறக்கும்.

## வழி 3: சென்னையில் தயாரிப்பாளர் தேடுவது

இதில் நல்ல உதாரணம் ஆர்ஜே பாலாஜி. ரேடியோவிலும் காமெடியிலும் பேர் வாங்கி, 2019-இல் எழுத்தாளராகவும் நாயகனாகவும் ஒரு படம் செய்து, 2020-இல் 'மூக்குத்தி அம்மன்' படத்தை என்.ஜே.சரவணனோடு சேர்ந்து இயக்கினார். முதல் இயக்கத்துக்கு ஒரு தோள் சேர்த்துக்கொண்டது புத்திசாலித்தனம். அமெரிக்காவில் டிவி காமெடியிலிருந்து வந்த ஜோர்டன் பீல் 2017-இல் முதல் படம் எடுத்ததும் சுமார் 45 லட்சம் டாலரில். அந்த ஊருக்கு அது மிகச் சிறிய தொகை. அதையும் தயாரிப்பு நிறுவனங்கள்தான் போட்டன, அவர் வீட்டை அடமானம் வைக்கவில்லை.

மறைமுகச் செலவு காத்திருப்பு. காரைக்குடியிலிருந்து இரவு ரயிலேறி, வடபழனியில் அறை எடுத்து, கதை சொல்லி, "பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்புவது ஒரு தடவை என்றால் சரி. இரண்டு வருடம் அப்படியே போனவர்களை எனக்குத் தெரியும். அப்புறம் கதை மாறும். காவல்காரருக்கு ஒரு காதலி வேண்டும் என்பார்கள், கடைசியில் முதலாளி திரும்பி வந்து கட்டிப்பிடிக்க வேண்டும் என்பார்கள். ஒத்துக்கொள்வது தப்பில்லை. எதுவரை ஒத்துக்கொள்வீர்கள் என்பதை ரயில் ஏறும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதையைச் சொல்லும் முன் முழுத் திரைக்கதையை எழுதிப் பதிவு செய்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு ஏற்றது: ஊர் தாண்டி முகம் தெரிந்தவர்களுக்கு. குடும்பத்தோடு சென்னையில் ஒரு வருடம் தாக்குப்பிடிக்க வருமானம் இருப்பவர்களுக்கு. கதையில் கூட்டமும் செலவும் நிறைய இருப்பவர்களுக்கு.

## வழி 4: பலர் பங்கு சேர்ந்து எடுப்பது

குஜராத் பால் விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு 1976-இல் 'மந்தன்' என்ற இந்திப் படம் வந்தது. கன்னடத்தில் 2013-இல் 'லூசியா' ரசிகர்கள் பணத்தில் வந்தது. பங்கு சேர்ந்து தொழில் செய்து கடல் கடந்த ஊர் நம்முடையது. பேரேடு எழுதவும் வருடம் முடிந்தால் ஐந்தொகை (சொத்து, கடன் கணக்கு) போடவும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த ஒழுங்கோடு செய்தால் இது நல்ல வழி.

ஆனால் சினிமாப் பங்கு மளிகைக்கடைப் பங்கு மாதிரி கிடையாது. பணம் போட்ட மாமா தன் பையனுக்கு ஒரு சீன் கேட்பார். பத்துப் பேர் பத்து விதமாக முடிவை மாற்றச் சொல்வார்கள். சட்டமும் இருக்கிறது. திருப்பித் தருகிறேன், வட்டி தருகிறேன் என்று பொதுவாக ஊரில் பணம் திரட்டினால், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆடிட்டரை வைத்துக் கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, லாபம் நஷ்டம் இரண்டும் பங்குப்படி என்றும் படத்தின் முடிவு இயக்குநருடையது என்றும் கையெழுத்து வாங்கிய பிறகுதான் முதல் ரூபாயைத் தொட வேண்டும். நஷ்டம் வந்தால் அடுத்த கல்யாண வீட்டில் அத்தனை பேர் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். அந்தச் செலவை ஐந்தொகையில் எழுத முடியாது.

யாருக்கு ஏற்றது: ஏழெட்டு நெருங்கிய நண்பர்கள், ஒவ்வொருவரும் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய தொகை மட்டும் போடுகிற இடத்தில்.

## விழாவை நம்பலாமா?

எல்லோரும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மேலூர் பக்கம் எடுத்த பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. நம் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்து ஓடிடியில் பார்த்தது 2023-இல். விருது பெரிய கதவைத் திறக்கும், ஆனால் கடன்காரர் இரண்டு வருடம் பொறுப்பாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காமெடிக்கு இன்னொரு தடையும் உண்டு. நம் பேச்சுவழக்கில் இருக்கிற நகைச்சுவை ஆங்கில சப்டைட்டிலில் பாதிதான் போய்ச் சேரும். சப்டைட்டிலுக்கு நல்ல ஆளைப் பிடிப்பதும் செலவுதான்.

## தம்பிக்கு நான் சொன்னது

குறும்படம்தான். அவர் கதை ஒரே வீட்டுக்குள் நடக்கிறது, இரவில் நடக்கிறது, பாதி வசனம் போனில். இருபத்தைந்து நிமிடத்துக்கு அடங்கும். இந்த வருடத்துத் திருவிழாச் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை மட்டும் எடுக்கச் சொன்னேன். படப்பிடிப்பைப் புரட்டாசியில் வைக்கச் சொன்னேன். மேடைத் தேதி குறைவு, ஐப்பசி பிறந்தால் வளவில், அதாவது வீட்டு நடுவே இருக்கிற திறந்த முற்றத்தில், மழை கொட்டும். முதல் எடிட்டிங் முடிந்ததும் ஒரு சின்ன மண்டபத்தில் நாற்காலி போட்டு ஊர் ஆட்களுக்குக் காட்ட வேண்டும். அவர் திரையைப் பார்க்கக் கூடாது. ஓரமாக உட்கார்ந்து முகங்களைப் பார்க்க வேண்டும். சிரிப்பு எங்கே வருகிறது, எந்த வரி சிரிப்பில் மூழ்குகிறது, எங்கே ஆள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று குறித்துக்கொண்டு மறுபடி வெட்ட வேண்டும். சபை அளந்து கொடுக்கிற அந்த இடைவெளியை அப்படித்தான் படத்துக்குள் கொண்டு வர முடியும். மேடைக்காரருக்கு மட்டும் இருக்கிற காது அது. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போவதா, நண்பர்களைக் கேட்பதா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

"முழுப் படமா எடுத்துட்டா என்னண்ணே?" என்று இன்னும் ஒரு தடவை கேட்டார். வீட்டுப் பத்திரம் அம்மா பெயரில் இருக்கிறதா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

பள்ளத்தூரில் ஒரு வீடு பேசி வைத்திருக்கிறேன். மூன்று பங்காளிகளில் இரண்டு பேர் சரி என்றுவிட்டார்கள். மூன்றாமவர் பினாங்கில் இருக்கிறார். நாளை ராத்திரி அவருக்குப் போன் போட வேண்டும். தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளப் போகிறேன். முகப்பு, பட்டாலை, வளவு என்று எங்கெங்கே கேமரா வைப்போம், தரையில் என்ன விரிப்போம் என்பதை அறை அறையாக அவரே சொல்லட்டும்.